ஓரியின் பாட்டன் யார்?

ராசிபுரத்தில் எனக்கு ஒரு பெரியவரைத் தெரியும். ஜவ்வரிசி ஆலை நடத்திவந்தார்; இப்போது அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கிறார். ஒரு நாள் மாலை அவர் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே அவர் குடும்பத்து வம்சாவளி. தம்மிலிருந்து பின்னோக்கி 6 தலைமுறை வரைக்கும் நிலப்பத்திரங்களைப் பார்த்து எழுதியிருந்தார். அதற்கு மேலே அரைப் பக்கம் வெறுமை. பக்கத்தின் உச்சியில் சிவப்பு மையில் ஒரே ஒரு பெயர்: வல்வில் ஓரி.

"புஸ்தகமாப் போடலாம்னு இருக்கேனுங்க தம்பி. நீங்க நாலு வரி முன்னுரை எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வெறும் அரைப் பக்கம் என்னைச் சில நாட்கள் தூங்கவிடவில்லை. காரணம் இருக்கிறது. அதே அரைப் பக்கத்தை நிரப்ப நானும் ஒரு காலத்தில் முயன்றவன்.

ராசிபுரத்துக்காரர்களுக்கு ஓரி அயலான் அல்ல. கொல்லிமலை கண்ணெதிரே நிற்கிறது. ஊரில் உள்ள கைலாசநாதர் கோயிலை ஓரி கட்டினான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மலைமேல் ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு விழா நடக்கிறது. இவ்வளவு நெருக்கமானவனைப் பற்றி உறுதியாகத் தெரிவது என்ன என்று கேட்டால், சில சங்கப் பாட்டுகளைத்தான் காட்ட முடியும்.

அவன் காலத்துப் பிற தலைவர்களைப் பாருங்கள். காவிரிக்கு அக்கரையில், கரூர்ப் பக்கத்துப் புகழூரில், சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சேரர்கள் கல்லில் பொறித்தார்கள். தந்தை, மகன், பேரன் என்று 3 தலைமுறையின் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. தகடூர் அதியமான்களின் நீளமோ இன்னும் வியப்பு. அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த கல்வெட்டு 1981-ல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கிடைத்தது. நாமக்கல் குன்றில் அரங்கநாதர் குடைவரையைச் செய்வித்த குணசீலன் தன்னை அதியர் குலத்தவன் என்று எழுதிவைத்தான். அது 8-ஆம் நூற்றாண்டையொட்டி. 1200-ஐ ஒட்டி, தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூர்ப் பக்கத்துத் திருமலையில், எழினி செய்வித்த இயக்கர் உருவங்களைப் புதுப்பித்து, தானும் அந்த வழி என்று பொறித்துக்கொண்டான். ஓராயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு குலப்பெயர் கல்லிலே நடந்து வருகிறது!

ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. அவன் குலத்துக்கும் குறைவில்லை. முதலாம் ராஜராஜனைப் பெற்ற வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். அந்தப் பெருமையைத் திருக்கோவலூர்க் கோயில் கல்வெட்டு பாடுகிறது.

சொத்து இருந்த இடத்தில்தான் வம்சாவளிக்கு உயிர் என்று தோன்றுகிறது. இங்கிலாந்தில் வார்விக் பிரபு என்று ஒருவர். அரசர்களை ஏற்றி இறக்கியவர். 1471-ல் போர்க்களத்தில் மாண்டார். ஆண் வாரிசு இல்லை, 2 பெண்கள். அரசனின் தம்பிமாரான மாப்பிள்ளைகள் இருவரும் நிலத்துக்காகச் சண்டையிட்டார்கள். கடைசியில் பாராளுமன்றமே சட்டம் செய்து பங்கு பிரித்தது. அந்தக் குடும்பத்தின் கிளைகளெல்லாம் ஏட்டில் பதிவாகியிருப்பதில் என்ன அதிசயம்?

ஓரிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவன் நாடு காரியின் கைக்குப் போய், காரி அதைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டதாக அகநானூறு சொல்கிறது. பங்கு போடுவதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. குலத்தைப் பற்றிய துப்பு என்று சொல்ல ஒரே ஒரு சொல் உண்டு. வன்பரணர் புறநானூற்றின் 153-ஆம் பாட்டில் அவனை 'ஆதன் ஓரி' என்கிறார். ஆதன் என்பவனுடைய மகன் ஓரி என்று பொருள் கொள்ளலாம். அவ்வளவுதான். ஆதன் யார், எங்கிருந்தான் என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே போய்விட்டது.

அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு நாவல் தொடங்கினேன். சேரர்களிலும் ஆதன் என்ற பெயர் உண்டல்லவா? ஆகவே என் ஆதன் சேரர் குலத்தில் பிறந்து, பங்காளிப் பகையால் மலையேறியவன் ஆனான். ஓரிக்குத் தாய் ஒருத்தியைப் படைத்தேன். அவன் இறந்த பிறகு, குகைக்குள் ஒளித்து வளர்க்க ஒரு பிள்ளையையும் படைத்தேன். 11 அத்தியாயங்கள் ஆயின. நண்பர்கள் பாராட்டினார்கள். நம் சரித்திர நாவல் வாசகருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. கதாநாயகன் எவ்வளவு தீரனானாலும், கடைசி அத்தியாயத்தில் அவன் ராஜகுமாரன் என்று தெரிந்தால்தான் நமக்குத் திருப்தி ஏற்படுகிறது.

பன்னிரண்டாவது அத்தியாயத்துக்காக வன்பரணரின் இன்னொரு பாட்டை, 152-ஆம் புறப்பாட்டை, மறுபடி எடுத்துப் படித்தேன். எழுதியதை அதற்கு மேல் என்னால் தொடர முடியவில்லை.

பாட்டில் நடப்பது இதுதான். பாணர் கூட்டம் ஒன்று காட்டில் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் யார்? பிழைப்புக்கு வேட்டையாடுபவனாகத் தெரியவில்லை. மார்பில் ஆரம் கிடக்கிறது. ஓரிதானோ, வேறு யாரோ? தெரியாமலேயே விறலியரைப் பாடச் சொல்கிறார்கள். பாட்டின் துறைகளெல்லாம் பாடி முடிந்து, 'கோ' என்று அரசனுக்குரிய சொல்லால் அவனை அழைத்தவுடன், அது தன் பெயராதலால் அவன் நாணுகிறான். பிறகு வேகவைத்த மான்கறியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிலேயே அள்ளித் தருகிறான்.

இந்தப் பாட்டில் உள்ள அழகு யாவும் 'யார்' என்று தெரியாததில் இருக்கிறது. தந்தை பெயரும் குலப்பெயரும் முதலடியிலேயே வந்திருந்தால் பாட்டே இல்லை. அம்பு முதலில் வருகிறது, கை அடுத்து வருகிறது, பெயர் அப்புறம். அரசன் என்றதும் வெட்கப்படுகிற ஒருவனைப் பிடித்து, 11 அத்தியாயங்களில் நான் விடாமல் அரசன் என்று கூவியிருக்கிறேன்! என் ஆதனும் தாயும் குகைப் பிள்ளையும் அந்த நாணத்தின் முன்னால் பொய்யாகிவிட்டார்கள்.

அவன் சாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நற்றிணையில் கபிலர் பாட்டு ஒன்று. ஒரு பரத்தை தெருவில் நடந்து போகிறாள், ஊரே இரைகிறது. அந்த இரைச்சலுக்கு உவமை தேடிய கபிலர், ஓரியைக் கொன்றுவிட்டு அவன் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைச் சொல்கிறார். காரியைப் புகழ்ந்து பாடியவரும் இதே கபிலர்தான். ஓரிக்காக இரங்க அவர் உட்கார்ந்து எழுதவில்லை; போகிற போக்கில் ஓர் உவமை. ஆனால் அந்த உவமைக்குள் ஓர் ஊர் முழுவதும் கத்துகிறது. மனைவி அழுதாளா, மகன் இருந்தானா என்று நமக்குத் தெரியாது. தெரு அழுதது தெரியும்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். 6 தலைமுறைக்கு முன்னுரை எழுதித் தருகிறேன், சிவப்பு மைக்கு மட்டும் என்னால் முடியாது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிக்கொண்டே படித்தேன். வேட்டுவன் நாணும் இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

"இப்படி ஒரு மனுசனை எங்க ஆளுன்னு சொல்லிக்கிறதுக்கு யாருக்குத்தான் ஆசை இருக்காதுங்க தம்பி?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என்னுடைய 11 அத்தியாயங்களையும் எழுத வைத்தது அந்த ஆசைதானே!

புத்தகம் பின்னால் அச்சாகி வந்தது. என் முன்னுரை 6 தலைமுறையோடு நிற்கிறது. பக்கத்தின் உச்சியில் ஓரியின் பெயர் இருக்கத்தான் இருக்கிறது. நடுவிலுள்ள அரைப் பக்கத்தை மட்டும் பெரியவர் வெறுமையாகவே விட்டிருந்தார்.