வணக்கமும் உரிமையும்: காரைக்காலம்மையார் கதையில் உறவின் பெயர்கள்

மனித உறவுகளைக் குருதி உறவு, மண உறவு, நட்பு, வணிக உறவு எனப் பகுத்துரைப்பது எளிது. ஓர் உறவு மற்றோர் உறவாக மாறும்போது முன்னதன் கடமைகள் என்னவாகின்றன என்பதே கடினமான வினா. அவ்வினாவைக் காரைக்கால் மண்ணிலேயே வைத்து எழுப்புவது, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் காரைக்காலம்மையார் புராணம். சைவ அன்பர்கள் அதனைப் பக்தியின் வரலாறாகப் போற்றுகின்றனர். அப்போற்றுதலுக்கு ஊறு நேராவண்ணம், ஒரு குடும்பத்தின் வரலாறாகவும் அதனை வாசிக்க நாம் முற்படுகிறோம்.

புனிதவதி வணிகர் தலைவன் தனதத்தனின் ஒரே மகள். மணமகன் பரமதத்தன் நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தன். மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, மணமக்களைக் காரைக்காலிலேயே தனிமனையில் குடியமர்த்துகிறார். மணமகன் பெண் வீட்டோடு வந்து வாழும் வழக்கத்தைக் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் கண்டறிந்த நம் வாசகர்க்கு இக்காட்சி அந்நியமன்று. கணவன் கலமேறிச் செல்வதும் அவ்வாறே. ‘சபர்’ என்னும் சொல்லின் பொருளைக் காத்திருந்தே கற்ற பெண்கள் இக்கரையில் எத்தனையோ பேர்!

மனைவி வேண்ட மாங்கனி வந்து மறைந்ததைக் கண்ட பரமதத்தன் அஞ்சுகிறான். அவளைத் தெய்வமெனக் கொள்கிறான். எவரிடமும் உரையாது, மனைவியோடு தொடர்பின்றி வாழ்ந்து, பின்னர் வணிகத்தின் பெயரால் கடல் கடக்கிறான். பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே சூட்டுகிறான். செய்தியறிந்த சுற்றத்தார் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு அவர் அடியில் வீழ்கிறான்.

பரமதத்தனைக் கோழை என்போர் உளர். பக்தன் என்போரும் உளர். இரண்டும் முழுமையான தீர்ப்பாகா. அவன் அச்சம் மெய், வணக்கமும் மெய். ஆயினும் வணக்கம் கடனைத் தீர்ப்பதில்லை. அவன் மணவிலக்கும் அளிக்கவில்லை; இல்வாழ்வும் அளிக்கவில்லை. பல மனைவியருள் ஒருத்தியை அந்தரத்தில் விட்டுவிடும் இந்நிலையைத்தான் அந்நிஸா அத்தியாயத்தின் 129ஆம் வசனம் தடுக்கிறது.

சேக்கிழார் பரமதத்தனைக் கண்டிக்கவில்லை. ஆனால், கணவனுக்காகவே இதுகாறும் தாங்கிய உடலழகை நீக்கிப் பேய்வடிவு அருளுமாறு அம்மையார் வேண்டுவதாகப் பாடுகிறார். அக்கணம்வரை அவர் தம்மை மனைவியாகவே கொண்டிருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஒருவர் முறித்த உறவை மற்றவர் காத்திருந்தார். புராணத்தின் ஆழ்ந்த துயரம் இதுவே. பக்தியின் பெருமிதத்தில் நாம் இதனைக் கடந்துவிடலாகாது.

இங்கு அன்னை கதீஜா (ரலி) அவர்களின் இல்லறம் நினைவுக்கு வருகிறது. அவரும் வணிகப் பெருமாட்டியே. ஹிராக் குகையிலிருந்து நடுங்கி வந்த நபிகள் நாயகத்தை (ஸல்) அவர் போர்த்தி, தேற்றி, உடன்நின்றார். மனித அறிவுக்கு எட்டாத நிகழ்வொன்று ஒரு மனையில் கணவனைக் கடலேற்றியது. மற்றொரு மனையில் மணவுறவை உறுதிப்படுத்தியது. இரு வரலாறுகளின் நோக்கமும் வேறு என்பதை நாம் அறிவோம். எனினும், துணையின் உயர்வைக் கண்டு விலகுவதும் அருகே நிற்பதும் இருவேறு ஒழுக்கங்கள் என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகிறது.

ஆண்டுதோறும் ஆனியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. புனிதவதியை ஊர் ‘அம்மை’ என்றே அழைக்கிறது. அப்பெயருக்குப் பின்னே, தனக்குரியது கிட்டாத ஒரு மனைவியும் இருந்தார். இல்லத்தரசியைக் குலவிளக்கென்று புகழ்ந்துவிட்டு அவருடைய உரிமையை மறக்கும் சமுதாயங்கள் அனைத்தும், நம் சமுதாயம் உட்பட, சிந்திக்க வேண்டியது இது.