பாதி வானத்துக்கு உதவித்தொகை

அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்தின் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியலும் கணிதமும் எடுத்துப் பிளஸ் டூ முடிக்கும் மாணவிக்கு, விமானி ஆவதற்கான படிப்புத் தகுதி ஏட்டளவில் வந்துவிடுகிறது. 16 வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். 18 வயதில் சி.பி.எல். எனும் வணிக விமானி உரிமம் வாங்கலாம். நடுவே மருத்துவப் பரிசோதனை, வானிலையும் வான்வழிச் சட்டங்களும் உள்ளிட்ட எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல். கடைசியில் சொன்னதுதான் கதவை அடைக்கிறது. எரிபொருள், விமானம், பயிற்றுநர் என எல்லாச் செலவும் மணிக்கணக்கில் ஏறி, அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. கொள்ளிடக் கரையில் ஓரிரு ஏக்கரில் நெல் பயிரிடும் குடும்பம் நிலத்தையே அடகு வைத்தாலும் புரட்ட முடியாத தொகை இது.

ஆகவே இந்தத் துறையில் உதவித்தொகை என்பது சலுகை அல்ல, நுழைவாயில். ஒடிசாவின் மல்கான்கிரியைச் சேர்ந்த அனுப்பிரியா லக்ரா 2012-இல் பொறியியல் படிப்பை விட்டுவிட்டுப் புவனேசுவரத்தில் விமானிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த அவர் 2019-இல் இண்டிகோவில் துணை விமானியானபோது நாடே கொண்டாடியது. ஆனால் காவல்துறையில் ஹவில்தாரான தந்தை கடன் வாங்கியும், உறவினரிடம் கேட்டும்தான் செலவைச் சமாளித்தார். அந்த ஏழு ஆண்டுப் பயணத்தை எத்தனை குடும்பங்களால் தாங்க முடியும்?

அரசுகள் கைகொடுக்காமல் இல்லை. கேரளத்தின் 'விங்ஸ்' திட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியில் பயிற்றுவிக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வித் திட்டமும் விமானிப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டது. சமூகநீதி வான்வரை நீளவேண்டும் என்ற எண்ணம் இவற்றில் இருந்தது, அது மதிக்கத்தக்கது.

குறை தொகையில் தொடங்குகிறது. அந்த மத்தியத் திட்டத்தின் விதிகளில், தனியார் பறத்தல் கழகங்களில் பயில்வோருக்கு ஆண்டுக்கு ரூ.3.72 லட்சம் என்ற உச்சவரம்பு நெடுங்காலம் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஏழரை லட்சம். மீதி நாற்பது லட்சத்துக்கு மேல் யார் தலையில்? கலைக் கல்லூரியில் பாதிக் கட்டணம் கிடைத்தால் பாதிச் சுமை குறையும். விமானப் பயிற்சியில் 100 மணி நேரத்தோடு நின்றுவிட்டால் கையில் உரிமமும் இல்லை, வேலையும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது குறை, வரிசை தவறுவது. கேரளத்தின் திருநம்பியான ஆடம் ஹாரிக்கு மாநில அரசு இருபது லட்சத்துக்கு மேல் ஒதுக்கியது. பணம் வந்த பிறகும் ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டி மருத்துவத் தகுதி மறுக்கப்பட்டதால் பயிற்சி முடங்கியது. இது பெரும் விவாதமான பின், 2022 ஆகஸ்டில்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் திருநர்களின் மருத்துவத் தகுதிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு துறை காசோலை கொடுக்க, இன்னொரு துறை வாசலை அடைத்து நின்றது.

உரிமத்தோடும் கதை முடிவதில்லை. ஏர்பஸ் 320 போன்ற விமானத்தை ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்ற தகுதி தனியாக வேண்டும். அதற்கும் பல லட்சம். வேலைக்குக் காத்திருக்கும் மாதங்களில் பறக்காவிட்டால் பழக்கமும் தகுதியும் தேய்கின்றன. வசதியான வீட்டுப் பிள்ளை காத்திருக்கலாம். கூலி வீட்டுப் பிள்ளையால் முடியாது.

ஒருவருக்கு அரைக் கோடி தருவது நியாயமா என்ற கேள்வியும் தள்ளத்தக்கதன்று. விமானப் பணியாளர் பயிற்சிக்குத் தமிழக அரசின் தாட்கோ நிறுவனம் ஒருவருக்கு ரூ.95,000 செலவிடுகிறது. ஒரு விமானிக்கு ஆகும் பணத்தில் ஐம்பது பேரைப் பயிற்றலாம். ஆயினும் மலிவான பணிகளுக்கு மட்டுமே உதவினால், காக்பிட் பணக்கார வீட்டாருக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் விமானி உதவித்தொகை சிலருக்கே தரப்பட்டாலும் முழுமையாகத் தரப்படவேண்டும்.

முழுமை என்றால் என்ன என்பதை பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-இல் அறிவித்த 'ஸ்பீட்பேர்ட்' அகாடமி காட்டுகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்று, தேறியவர்களைத் தன் விமானங்களுக்கே எடுத்துக்கொள்ள முன்வந்தது. இந்திய நிறுவனங்களின் 'கேடட்' திட்டங்கள் வேலைக்கு வழிகாட்டினாலும், செலவைப் பெரும்பாலும் மாணவர் தலையிலேயே வைக்கின்றன.

தமிழகத்தில் இதைச் சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. இந்திய விமான நிலைய ஆணையம் பறத்தல் பள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்த நிலையங்களில் சேலமும் ஒன்று. திருமானூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அங்கே போய்விடலாம். முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைத் தேர்வின் முதல் படியாக்கி, அதன் செலவை அரசே ஏற்கட்டும். பறத்தல் கட்டணம் மாணவர் கைக்கு வராமல் மணிக்கணக்கில் நேரே பள்ளிக்குச் செல்லட்டும். மழையாலோ பழுதாலோ பயிற்சி நீண்டாலும் நிதி நிற்கக் கூடாது. டைப் ரேட்டிங்கும் அதற்குள் அடங்கவேண்டும். சேரும் நாளிலேயே ஒரு விமான நிறுவனத்தோடு வேலை ஒப்பந்தம் செய்து, சம்பளம் வரத் தொடங்கியபின் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றால், அந்தப் பணமே அடுத்த மாணவரின் பயிற்சிக்கு முதலாகும்.