சுருள்கோடும் சீன மாணவரின் ஆங்கில எழுத்தும்

சீன மொழி பேசும் மாணவர் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பயிலும்போது எதிர்ப்படும் இடர்ப்பாடுகளுக்கு அவருடைய சிந்தனைப் போக்கே காரணம் என்னும் கருத்து கற்பித்தல் துறையில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இராபர்ட் காப்லன் 1966இல் 'லாங்குவேஜ் லேர்னிங்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையே இதற்கு மூலம். வெளிநாட்டு மாணவரின் ஏறத்தாழ 600 கட்டுரைகளை ஆராய்ந்த அவர், ஆங்கிலப் பத்தியை நேர்கோடாகவும் 'கீழைத்தேய'ப் பத்தியைச் சுருள்கோடாகவும் வரைந்து காட்டினார். இப்படத்தை நானும் பல ஆண்டுகள் வகுப்பில் கரும்பலகையில் வரைந்ததுண்டு. மாணவர் அதனை உடனே ஏற்றுக்கொள்வர். அதனாலேயே அதனை மீண்டும் சோதிக்க வேண்டியுள்ளது.

சொற்றொடரளவில் நின்றிருந்த பிழையாய்வைப் பத்தியளவிற்கு உயர்த்தியது காப்லனின் பங்களிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் 'கீழைத்தேயம்' என அவர் குறித்தவை சீனமும் கொரியமுமே. இவை ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கொரியத்தில் தமிழிற்போல வினை இறுதியில் நிற்கும், சீனத்தில் செயப்படுபொருளுக்கு முன்னே வரும். மேலும், சீனர் சீனத்தில் எவ்வாறு எழுதுகின்றனர் என்பதை அவர்தம் ஆங்கிலப் பயிற்சிக் கட்டுரைகளைக் கொண்டு முடிவு செய்வது முறையாகாது.

பின்னாளில் காப்லன், பழைய அரசுத் தேர்வுகளுக்குரிய எட்டுக்கால் கட்டுரை வடிவத்தைச் சான்றாகக் கொண்டார். இச்சான்று அவருக்கே எதிரானது எனலாம். அவ்வடிவத்தின் முதலுறுப்பு 'போத்தி'. 'தலைப்பைப் பிளத்தல்' என்பது அதன் பொருள். கட்டுரையின் கருத்து தொடக்கத்தின் ஓரிரு தொடர்களிலேயே உடைத்துக் கூறப்படும். சுற்றி வளைப்பதற்கு அங்கு இடமில்லை. அன்றியும், அத்தேர்வு முறையே 1905இல் ஒழிந்துவிட்டது.

பெர்னார்டு மோகனும் வின்னி லோவும் 1985இல் இக்கொள்கையை நேரடியாக மறுத்தனர். ஆங்காங் பள்ளிகளில் ஆங்கிலப் பயிற்சி சொற்றொடர்த் திருத்தத்தில் நின்றுவிடுவதையும், பத்தியமைப்புக் கற்பிக்கப்படாமையையும் அவர்கள் சுட்டினர். தாய்மொழியின் மேல் சுமத்தப்பட்ட குறை உண்மையில் பாடத்திட்டத்தின் குறை என்பதே இதன் கருத்து. காப்லனும் 1987இல் தம் பழைய கூற்று மிகைப்பட்டதென ஏற்றார்.

தாய்மொழித் தாக்கமே இல்லை என்பது என் வாதமன்று. அது வேறிடத்தில், நுண்மையாக உள்ளது. சீன வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறாது. 'நேற்று' என்ற சொல் வந்தபின் வினையிலும் காலத்தைக் குறிப்பது மாணவருக்கு மிகையாகத் தோன்றுகிறது. 'பிகாஸ்' என்று தொடங்கிய தொடரின் இரண்டாம் பகுதியில் அவர் 'சோ' சேர்க்கிறார். சீனத்தில் 'யின்வெய்' என்பதற்கு 'சுவோயி' இணையாக வருதல் இயல்பு. தமிழில் 'மழை பெய்ததால்' என ஒரே உருபு இப்பணியைச் செய்துவிடும். 'ஏ', 'தி' ஆகியவற்றின் ஆட்சியில் மட்டும் நம் மாணவரும் அவர்களும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். இவை இலக்கணச் செய்திகள். இவற்றைச் சிந்தனையின் சுருளாகக் காண வேண்டியதில்லை.

இன்றைய சீன மாணவரின் பத்தி சுருளாக இல்லை என்பது மட்டுமன்று, அளவுக்கு மீறி நேராக உள்ளது. 1987இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வில் முப்பது நிமிடத்தில் குறைந்தது 120 சொற்கள் எழுத வேண்டும். இதற்கென மூன்று பத்தி வார்ப்புகளை மனப்பாடம் செய்கின்றனர். 'சமுதாயத்தின் விரைவான வளர்ச்சியுடன்' என்னும் தொடக்கம் எத்தலைப்பிற்கும் பொருந்தும். சட்டகத்தில் பிழையில்லை, உள்ளே மாணவருடைய சொந்தத் தொடர் வரும் இடத்தில்தான் மொழி தடுமாறுகிறது.

இதற்கு மாற்றாக வாங் சூமிங் முன்வைத்த 'நீள எழுதும் முறை' கவனத்திற்குரியது. பிழையை எண்ணாமல் நிறைய எழுதச் செய்வது அது. இதன் வளர்ச்சியாகிய 'படித்துத் தொடர்தல்' 2016இல் செச்சியாங் மாநிலப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இடம்பெற்றது. முடிவு நீக்கப்பட்ட ஆங்கிலக் கதையைப் படித்து, மாணவர் ஏறத்தாழ 150 சொற்களில் அதனை நிறைவு செய்ய வேண்டும். கதையின் நடையும் இறந்தகால வினைகளும் கண்முன் இருப்பதால் அவற்றைத் தழுவியே எழுத நேர்கிறது. திருத்தக் குறிகள் தராத உதவியை இது தருகிறது. எனினும் கதை அச்சத்தையும் கண்ணீரையும் வேண்டுமாதலின், அவற்றுக்கான தொடர்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டனர். வாதத்தை வளர்த்துச் செல்லும் கட்டுரைக்கு இம்முறை எவ்வாறு உதவும் என்பதற்கு இத்தேர்வில் விடையில்லை. பல்கலைக்கழகத்தில் அம்மாணவர் எழுத வேண்டியதோ அவ்வகைக் கட்டுரையே.