சட்டைப்பையில் ஜெல், தொலைவில் தண்ணீர்க் குழாய்

மருத்துவமனையில் கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் வைத்துவிடலாம். முதியோர் இல்லத்தில் அது சரிப்படாது. மறதிநோய் உள்ள ஒருவர் எடுத்துக் குடித்துவிடக்கூடும். தவிர, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் படுக்கையோடு கிடப்பதில்லை. கூடத்தில் உட்காருகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பணியாளரின் கையைப் பிடித்து நடக்கிறார்கள்.

ஹாங்காங் முதியோர் இல்லங்களில் நடந்து, 2011இல் வெளியான ஆய்வு இதற்கு எளிய வழி ஒன்றைச் சோதித்தது. பணியாளர் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஆல்கஹால் ஜெல் கொடுத்தார்கள், பயிற்சியும் அளித்தார்கள். கடுமையான நோய்த்தொற்று, ஆயிரம் முதியோர்க்கு நாளொன்றுக்கு 1.42 என்ற அளவிலிருந்து 0.65 ஆகக் குறைந்தது. ஒரு குப்பி ஜெல்லுக்கு இது பெரிய பலன்.

ஜெல்லின் வசதி நேரத்தில் இருக்கிறது. சோப்பு போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். ஜெல்லுக்கு 20, 30 விநாடி போதும். ஒருவருக்கு உடை மாற்றிவிட்டு அடுத்தவருக்குச் சோறூட்ட ஓடுபவருக்கு அந்த மிச்சம் அருமையானது.

ஆனால் அதே ஆய்வின் மற்ற எண்களையும் பார்க்க வேண்டும். கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் ஜெல் பயன்பாடு 1.5 சதவீதத்திலிருந்து 15.9 ஆக ஏறியது. சோப்பால் கழுவுவது 24.3இலிருந்து 17.4 ஆக இறங்கியது. அத்தகைய மூன்று தருணங்களில் இரண்டு அப்போதும் தவறிப்போயின. சோப்பு பின்வாங்கியது இன்னும் கவலைக்குரியது. முதியோர் இல்லங்களில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் பரப்பும் நோரோ வைரஸை ஆல்கஹால் சரிவர அழிப்பதில்லை. க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளுக்கோ அதனால் ஒன்றும் ஆவதில்லை. அவற்றைக் கையிலிருந்து போக்கச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

கை சுத்தம் செய்வதைக் கண்ணால் பார்த்து எடுக்கும் கணக்கெடுப்பிலும் ஓட்டை உண்டு. கிருமி அதிகம் ஒட்டும் குளியலறைக்கும் கழிவறைக்கும் கண்காணிப்பவர் போக முடியாது, போகவும் கூடாது. கூடத்தில் பார்த்ததே பெரும்பாலும் சதவீதமாகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இத்தகைய கைச்சுத்த இயக்கங்கள் பொறுப்பைப் பணியாளரின் மனத்தின்மேல் வைப்பது. சுவரொட்டி நினைவூட்டும்; ஆள் பற்றாக்குறையை அது தீர்க்காது. திரும்பத் திரும்பக் கழுவி வெடித்த கைக்கு எரிச்சல்தான் முதலில் தெரியும், விதி அல்ல.

ஜெல் தொடரட்டும், அது உயிர் காக்கிறது. இல்லம் நடத்துவோர் அத்தோடு நின்றுவிட வேண்டாம். கழிவறையை ஒட்டி ஒரு கைகழுவும் தொட்டி, இரவுப் பணிக்குப் போதிய ஆட்கள், வெடித்த கைக்குக் களிம்பு ஆகியவற்றுக்கும் இந்த ஆண்டே பணம் ஒதுக்குங்கள்.