ஒரு சிறுமியின் கதையும் ஓர் ஊர் எழுதிய உரையும்

கண் நோய்க்கு லூசியம்மாள், தொண்டை நோய்க்கு பிளாசியார், கொள்ளை நோய்க்குச் செபஸ்தியார் என்று நம் பாட்டிமார் சொல்லித் தந்த புனிதர் வரிசை நீளமானது. அவ்வரிசையில் மனநோயாளருக்கென்றும் ஒருவர் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அவர் பெயர் டிம்ப்னா. மரபாக மே 15இல் நினைவுகூரப்படும் இந்த இளம் மறைசாட்சியின் கதையை ஓர் இலக்கியமாக எடுத்து, நிதானமாக வாசித்துப் பார்க்க இங்கு முயல்கிறோம். மனநோயுற்றோரையும் அவர்தம் இல்லத்துப் பிள்ளைகளையும் பேண நினைக்கும் எந்த விசுவாச சமூகத்திற்கும் இக்கதையில் பாடமுண்டு என்பது நம் கருத்து. அப்பாடத்தின் ஒரு பாதியை மட்டுமே இதுவரை படித்திருக்கிறோம் என்பது நம் குறை.

மூலம்

அயர்லாந்து நாட்டில் ஒரு சிற்றரசன், கிறிஸ்துவை அறியாதவன். அவன் மனைவியோ விசுவாசி. மகள் டிம்ப்னா தாயின் வழிநின்று திருமுழுக்குப் பெற்றவள். அவள் சிறுமியாய் இருக்கும்போதே தாய் இறந்துபோகிறாள். மனைவிமேல் பேரன்பு வைத்திருந்த அரசன் துயரத்தால் அறிவு கலங்குகிறான். இறந்தவளின் சாயலில் ஒருத்தியைத் தேடி ஆட்களை அனுப்புகிறான். அப்படி ஒருத்தியும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தச் சாயலை மகளிடமே கண்டு, அவளையே மணப்பேன் என்கிறான்.

சிறுமி ஓடுகிறாள். அவளோடு போனவர்கள் மூவர்: அவளுடைய ஆன்ம குருவாகிய முதியவர் கெரபெர்னுஸ், அரசவை விதூடகன், அவன் மனைவி. கடல் கடந்து ஆண்ட்வெர்ப் துறையில் இறங்கி, இன்றைய பெல்ஜியத்திலுள்ள கேல் என்னும் சிற்றூரை அடைந்து, அங்கிருந்த புனித மார்ட்டின் சிற்றாலயத்தின் அருகே தங்குகின்றனர். வழியில் ஒரு விடுதியில் கொடுத்த வேற்றுநாட்டுக் காசே அவர்களைக் காட்டிக் கொடுக்கிறது. தேடி வந்த அரசன் குருவைக் கொல்லுவிக்கிறான். மகளை வெட்டச் சேவகர் எவரும் முன்வராததால் தானே வாளெடுக்கிறான்.

இது ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பது மரபு. ஆனால் எழுத்து வடிவம் பெற்றதோ பதின்மூன்றாம் நூற்றாண்டில். காம்ப்ரே மறைமாவட்ட ஆயரின் விருப்பப்படி பேதுரு என்னும் குரு, மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்ததைத் தொகுத்து எழுதினார். இடைப்பட்ட நூற்றாண்டுகள் ஆறு. புனிதர் வரலாறுகளை ஆராய்ந்த இயேசு சபைக் குருவான இப்போலித் தெலெஹே, 1905இல் வெளியிட்ட தம் நூலில், டிம்ப்னாவின் கதை 'கழுதைத் தோல்' என்னும் நாட்டுப்புறக் கதையின் மாற்று வடிவமே என்று துணிந்து எழுதினார். தகப்பனின் தகாத விருப்பத்திற்கு அஞ்சி, கழுதைத் தோலைப் போர்த்துக்கொண்டு அரண்மனையை விட்டு ஓடும் இளவரசியின் கதை அது.

இதைக் கேட்டு நம் விசுவாசம் தளர வேண்டியதில்லை. வேறொரு கோணத்தில் இதை எண்ணிப் பார்ப்போம். ஒரே கதை பல நாடுகளில், பல மொழிகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது என்றால், அக்கதையிலுள்ள துன்பத்தைப் பல நாட்டுச் சிறுமியர் அறிந்திருந்தனர் என்பதுதானே அதன் பொருள்? வெளியே சொல்லக் கூசியதைப் பெண்கள் அடுப்படியிலும் நூற்கும் இடத்திலும் கதையாக்கிச் சொல்லியிருக்கக் கூடும். அதைப் பீடத்தருகே கொண்டுவந்து வைத்தது திருச்சபை. வேறு எந்த மேடையிலும் அந்நாளில் அதற்கு இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

கதை சொல்லுவதும் சொல்லாததும்

இக்கதையில் மூன்று செய்திகள் நம் கருத்துக்குரியன.

முதலாவது, அரசனின் பித்துக்குத் தொடக்கம் துயரம். மனைவியை இழந்தவன் அவன். ஆற்றுவாரின்றி, தேற்றுவாரின்றி அவன் உள்ளம் உடைகிறது. பிற்காலத்து ஓவியரும் சிற்பியரும் டிம்ப்னாவின் காலடியில் சங்கிலியால் கட்டுண்ட அலகையை வைத்தனர். ஆனால் கதையோ ஒரு வீட்டில் நிகழ்ந்த சாவிலிருந்து தொடங்குகிறது. மனநோயின் வேரை மனித வாழ்வின் நடுவிலேயே அது காண்கிறது.

இரண்டாவது, நோய் என்பதால் தீமை தீமையில்லாமற் போய்விடுவதில்லை. தந்தை நோயாளி என்று கதை அறியும். ஆயினும் 'தகப்பனுக்குக் கீழ்ப்படி, குடும்ப மானத்தைக் காப்பாற்று, பொறுத்துக்கொள்' என்று அச்சிறுமியிடம் அது கூறுவதில்லை. நான்காம் கட்டளையை அவள்மேல் சுமத்துவதில்லை. அவள் ஓடியது பாவம் என்று ஒரு வரியும் இல்லை. அவ்வாறு ஓடியவளையே புனிதை என்கிறது.

மூன்றாவது, அவள் சொன்னதை நம்பியவர்கள் இருந்தார்கள். ஒரு முதிய குரு, ஒரு கோமாளி, ஒரு பெண். அவள் பேச்சைக் கேட்டு, 'அரசனைப் பற்றி இப்படியும் சொல்வாயோ' என்று வாயடைக்காமல், தங்கள் உயிரையும் பொருட்படுத்தாது உடன் நடந்தார்கள். காயமுற்ற ஒரு குழந்தைக்கு முதல் மருந்து, தன் சொல்லை நம்பும் ஒரு பெரியவர். இதை இன்றைய உளவியலார் வலியுறுத்துகின்றனர். இக்கதை அன்றே அறிந்திருக்கிறது.

கதை சொல்லாதவையும் உண்டு. மறைசாட்சி வரலாறுகளின் மரபுப்படி கன்னிமையும் விசுவாச உறுதியும் முன்னே நிற்கின்றன. அச்சிறுமி எப்படி உறங்கினாள், காலடியோசை கேட்டால் எப்படி நடுங்கினாள், தாயை நினைத்து அழுதாளா என்பவற்றை நம் கைக்கு வரும் வடிவங்கள் சொல்வதில்லை. நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள் என்ன அனுபவிக்கிறார்கள் என்னும் கேள்வி கதைக்குள் மௌனமாகவே கிடக்கிறது. அம்மௌனத்தை நாமும் நீட்டித்தோம் என்பதே நம் குற்றச்சாட்டு. டிம்ப்னாவைப் 'பித்துப் பிடித்தவரின் பாதுகாவலி' என்று அழைக்கப் பழகிய நாம், அவரே ஒரு நோயாளியின் பிள்ளை என்பதை மறந்துவிட்டோம்.

கேல் எழுதிய உரை

தமிழிலே மூலத்தை உரையோடு சேர்த்துப் படிப்பது நம் வழக்கம். டிம்ப்னாவின் கதைக்கு உரை எழுதியது ஓர் ஊர். அவ்வுரை ஏட்டில் இல்லை, வீடுகளில் இருக்கிறது.

அவர் கல்லறை இருந்ததாக நம்பப்பட்ட இடத்திற்கு மனநோயாளர் அழைத்து வரப்பட்டனர். 1349இல் அங்கே பெரிய கோவில் ஒன்று எழத் தொடங்கியது. கோவிலை ஒட்டி நோயாளர் தங்க ஓர் இல்லமும் அமைந்தது. ஒன்பது நாள் நவநாள் நடக்கும். நோயாளர் புனிதையின் திருப்பண்டப் பேழையின் கீழே தவழ்ந்து செல்வர். கூட்டம் மிகுந்து இடம் போதாமற்போகவே, ஊரார் தத்தம் வீடுகளில் அவர்களைத் தங்க வைத்தனர். நவநாள் முடிந்தும் குணமாகாதவர்கள் பலர். அவர்களை என்ன செய்வது? கேல் ஊரார் அவர்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

நம் உள்ளத்தைத் தொடுவது இதுவே. அற்புதம் நிகழாத இடத்தில் தொடங்கியது அவ்வூரின் அறம். குணமாகாதவருக்கும் உணவு மேசையில் ஓர் இருக்கை, உறங்க ஓர் அறை, தோட்டத்திலோ அடுக்களையிலோ இயன்ற ஒரு வேலை. வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு வளர்ந்தனர். பெற்றோர் மறைந்தபின் அவர்களைத் தாமே பொறுப்பேற்ற பிள்ளைகளும் உண்டு. வந்தவரின் நோய்க்கு மருத்துவர் இட்ட பெயரைக் குடும்பத்தாரிடம் சொல்லாதிருப்பது நெடுங்கால வழக்கம். அவர்கள் அறிந்தது ஒரு மனிதரை மட்டுமே.

இதை ஒரு சொர்க்கமாகத் தீட்டிக் காட்டுவது உண்மைக்கு மாறானது. 1821இல் அங்கே சென்ற பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல், இரும்பு விலங்கு பூண்ட நோயாளரையும் கண்டார். தங்குவோரை வெறும் கூலியில்லா வேலையாளாக நடத்திய வீடுகளும் இருந்திருக்கும். 1850இல் பெல்ஜிய அரசு மனநோயாளருக்கான சட்டம் இயற்றி, கேல் ஊரின் ஏற்பாட்டைத் தன் பொறுப்பில் கொண்டுவந்தது. 1860களில் அங்கே மருத்துவமனை எழுந்தது. அன்று முதல் குடும்பங்களைத் தெரிவு செய்வதும், தொடர்ந்து சென்று பார்ப்பதும், தேவையானபோது நோயாளரை மருத்துவமனைக்குத் திரும்ப அழைப்பதும் மருத்துவரின் கடமையாயின. ஓவியர் வான்கோவின் தந்தை ஒரு சீர்திருத்த சபைப் போதகர். அவரும் 1880இல் தம் மகனைக் கேல் ஊருக்கு அனுப்ப எண்ணினார், ஆனால் அது நடைபெறவில்லை. 1938இல் அவ்வூர் வீடுகளில் இருந்தோர் 3,736 பேர். பின்னர் புதிய மருந்துகள், சிறிய குடும்பங்கள், வேலைக்குச் செல்லும் பெண்கள் எனக் காலம் மாறவே, எண்ணிக்கை சில நூறாகச் சுருங்கியது. 2023இல் யுனெஸ்கோ இம்மரபைப் பேணத்தக்க நல்வழக்கங்களின் பதிவேட்டில் சேர்த்தது.

பக்தி வீட்டைத் திறந்தது, மருத்துவம் கண்காணித்தது, சட்டம் வரம்பு கட்டியது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அம்மரபு இத்தனை நூற்றாண்டு நின்றிருக்காது என்றே கருதுகிறோம்.

நாம் எழுதும் உரை

இனி நம் பக்கம் திரும்புவோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப இயலாமல் 28 மனநோயாளர் கருகி மாண்டனர். அது வேறொரு சமயத்தாரின் வழிபாட்டிடத்தை அண்டிய ஊர் என்று சொல்லி நாம் கை கழுவ முடியாது. தூணோடு பிணைக்கப்பட்ட மனிதரை நம் திருத்தலங்கள் சிலவற்றின் மண்டபங்களிலும் பார்த்தவர்கள் நாம். புனிதையின் சிலையில் சங்கிலி பூண்டிருப்பது அலகை. அச்சங்கிலியை எடுத்து மனிதரின் காலில் பூட்டியது நம் தவறான வாசிப்பு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு மண்டபத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியை நாம் கண்டதுண்டு. தாய்க்கு நோய். தந்தை எப்போதாவது வந்து போவார். கஞ்சி வாங்கி வருவதும், தாயின் தலையை வாரிவிடுவதும், இரவில் தாய் எழுந்து நடந்தால் பின்னே ஓடுவதும் அக்குழந்தையின் வேலை. பள்ளிக்குப் போய் ஓராண்டு ஆயிற்று என்றாள். வந்தோர் பலரும் தாய்க்காகச் செபித்தார்கள், நாமும் செபித்தோம். மகளிடம் 'நீ சாப்பிட்டாயா, உறங்கினாயா, பயமாக இருக்கிறதா' என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கும் அன்று தோன்றவில்லை. டிம்ப்னா நம் முன்னே நின்றிருந்தாள், நாம் அறிந்துகொள்ளவில்லை.

நற்செய்தி இந்தப் பாராமுகத்தைக் கண்டிக்கிறது. வலிப்பால் துன்புற்ற மகனைத் தந்தை கொண்டுவந்தபோது, ஆண்டவர் உடனே குணமாக்கிவிடவில்லை. இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று வினவினார் என மாற்கு குறிக்கிறார். அக்குடும்பத்தின் நெடுநாள் துன்பத்தைச் சொல்ல இடங்கொடுத்த பிறகே குணமளித்தார். அதே நற்செய்தியில், கல்லறைகளிடையே திரிந்தவர் தெளிவு பெற்றதும், உடன்வர விரும்பிய அவரை ஆண்டவர் சொந்த வீட்டாரிடம் திருப்பி அனுப்புகிறார். கேட்பதில் தொடங்கி வீட்டில் முடிகிறது ஆண்டவரின் மனநலப் பணி.

அத்தகைய பணிக்கு நம்மிடம் வசதியில்லை என்று சொல்லலாமா? 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறையில் உண்டு. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில், நேர்ந்து வருவோரை மன்றாட்டோடு மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு செய்தார்கள். மருந்தும் மன்றாட்டும் என்பதே அதன் பெயருக்குப் பொருள். நம் திருத்தலங்களில் வாரம் ஒரு நாள் மருத்துவருக்கு ஓர் அறை ஒதுக்குவது பெரிய காரியமா? அன்பியக் கூட்டங்களில் ஒரு வீட்டாரின் நோயைக் கிசுகிசுப்பதை விடுத்து, மாத்திரை வாங்கிவர ஒருவர், அவ்வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல ஒருவர், தாயோ தந்தையோ அமைதியிழக்கும் இரவில் அப்பிள்ளை வந்து உறங்க ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ள முடியாதா?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை தன் வீட்டாரைப் பற்றியோ, ஆசிரியரைப் பற்றியோ, நம் திருச்சபையின் பணியாளர் ஒருவரைப் பற்றியோ சொல்லக் கூசும் ஒன்றைச் சொன்னால், அதை மானத்தின் பெயரால் மூடி மறைப்பது பக்தியாகாது. 2012ஆம் ஆண்டின் சிறார் பாதுகாப்புச் சட்டம், குழந்தைமேல் நிகழும் பாலியல் கொடுமையை அறிந்தோர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 1098 என்னும் எண் குழந்தைகளுக்காகவே இருக்கிறது. கெரபெர்னுஸ் அரசனின் தயவை நாடாமல் சிறுமியின் பக்கம் நின்றார். அதற்காகத் தம் உயிரைக் கொடுத்தார். அவரையும் புனிதர் என்று வணங்கும் நாம் அதற்குக் குறைந்ததைச் செய்துவிட்டு ஆறுதலடையலாகாது.

நோயுற்றவருக்கு வீடு வேண்டும் என்ற பாதியைக் கேல் தன் உரையில் எழுதிவிட்டது. நோயுற்ற வீட்டின் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற மறுபாதிக்கு உரை எழுதுவது நம் பங்குகளின் கடமை. அடுத்த முறை நவநாளுக்குப் போகும்போது, தாயின் அருகே கஞ்சிப் பாத்திரத்தோடு அமர்ந்திருக்கும் குழந்தை கண்ணிற்பட்டால், ஒரு நிமிடம் நின்று அதன் பெயரைக் கேட்போம்.