அன்ஃபர்கிவன் (1992): ஒரு வெஸ்டர்ன் படமும் அதன் உறுத்தலும்

'அன்ஃபர்கிவன்' 1992 ஆகஸ்ட் மாதம் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். கிளின்ட் ஈஸ்ட்வுட் இப்படத்தைத் தயாரித்து, இயக்கி, முதன்மை வேடத்திலும் நடித்தார். திரைக்கதையை எழுதியவர் டேவிட் வெப் பீப்பிள்ஸ். தலைப்பை 'மன்னிக்கப்படாதவன்' என்றும் தமிழாக்கலாம், 'மன்னிக்கப்படாதவர்கள்' என்றும் தமிழாக்கலாம். ஒருமையா பன்மையா என்பதை ஆங்கிலச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. படத்தைப் பார்த்து முடித்தவர்கள் பன்மையையே தேர்ந்தெடுப்பார்கள்.

சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த துணை நடிகர் (ஜீன் ஹாக்மேன்), சிறந்த படத்தொகுப்பு (ஜோயல் காக்ஸ்) என நான்கு ஆஸ்கர் விருதுகளை இப்படம் பெற்றது. இதற்கு முன் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற வெஸ்டர்ன் படங்கள் இரண்டே இரண்டு: 'சிமரான்' (1931), 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்' (1990).

வெஸ்டர்ன் என்னும் வகை

தமிழ்நாட்டில் இவ்வகைப் படங்களுக்குக் 'கௌபாய் படம்' என்ற பெயரே நிலைத்தது. ஜெய்சங்கர் நடித்து எம். கர்ணன் இயக்கிய 'கங்கா' (1972) தமிழில் அந்த உடையையும் குதிரையையும் கொண்டுவந்தது. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லர் பல வீடுகளில் அறிமுகமானவர். ஆகவே தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கும் ஒற்றைத் தெரு என்றால் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த உலகம் வரலாற்றில் மிகக் குறுகிய காலமே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்சாசிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச்சென்ற காலம் அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தான். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, குடியேற்ற எல்லைக்கோடு என்று இனி ஒன்றும் இல்லை என அரசே அறிவித்துவிட்டது. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. 1860 முதலே மலிவு விலை நாவல்கள் மேற்குப் பகுதி வீரர்களை உருவாக்கி விற்றன. 1883-இல் பஃபலோ பில் அதை மேடைக் காட்சியாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1903-இல் 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' வந்தபோது கொள்ளைக்காரன் திரையிலிருந்து பார்வையாளரை நோக்கியே சுட்டான்.

இருபதாண்டு வாழ்க்கை நூற்றாண்டு தாண்டியும் கதையாக நீடிக்கக் காரணம் குதிரையும் நிலக்காட்சியும் மட்டுமா? சட்டம் இன்னும் வந்து சேராத இடத்தில், அல்லது வந்தும் கோணலாக நிற்கும் இடத்தில், தண்டிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வியை இவ்வகை திரும்பத் திரும்பக் கேட்கிறது. 'ஹை நூன்' (1952), 'ஷேன்' (1953), 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) ஆகிய மூன்றும் அதற்கு மூன்று விடைகள். 'அன்ஃபர்கிவன்' அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, விடையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் பக்கம் திரும்புகிறது.

ஷெரிஃபின் தீர்ப்பு

கதை வயோமிங் பகுதியில் பிக் விஸ்கி என்ற கற்பனை ஊரில், 1880-81 காலத்தில் நடக்கிறது. டிலைலா என்ற இளம் பாலியல் தொழிலாளி, ஒரு வாடிக்கையாளனைப் பார்த்துச் சிரித்துவிடுகிறாள். அவன் அவளுடைய முகத்தைக் கத்தியால் கிழிக்கிறான். உடனிருந்த தோழன் பெரிய தவறு எதுவும் செய்யாதவன். ஷெரிஃப் லிட்டில் பில் (ஹாக்மேன்) முதலில் சாட்டையை எடுக்கிறார். மதுவிடுதி முதலாளி ஸ்கின்னி குறுக்கிடுகிறான். பணம் செலவழித்து அந்தப் பெண்ணை அழைத்துவந்தவன் அவன். இனி அவளால் அவனுக்கு வருமானம் இல்லை. ஷெரிஃப் யோசித்து, குற்றவாளிகள் இருவரும் ஸ்கின்னிக்குக் குதிரைகளைக் கொடுக்க வேண்டும் என்று முடிக்கிறார்.

இது சட்டத்தின் பெயரில் நடந்த கட்டப்பஞ்சாயத்து. நட்டம் யாருக்கு என்ற கேள்வியில் கிழிபட்ட முகத்துக்கு இடமே இல்லை. சாட்டையடிகூடக் கிடையாதா என்று அலைஸ் என்ற பெண் கேட்கும்போது, ஒரே இரவில் பார்த்த ரத்தம் போதாதா என்கிறார் ஷெரிஃப். அந்த வாக்கியம் கருணைபோல் ஒலிக்கிறது. லிட்டில் பில் கெட்டவன் என்று தெரிந்துகொண்டே கொடுமை செய்பவர் அல்லர். ஒழுங்கைக் காப்பதாக மனதார நம்புகிறார். ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்று விதி வைத்திருக்கிறார். ஓய்வுக்காலத்துக்குத் தன் கையாலேயே வீடு கட்டுகிறார். அதன் கூரையோ மழைக்கு ஒழுகுகிறது. ஒரு சுவரும் நேராக இல்லாத வீடு. படத்தில் சிரிப்பு வரவழைக்கும் இந்த வீடு, அவர் காக்கும் ஒழுங்கைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது.

பெண்கள் தம் சேமிப்பைத் திரட்டி, குற்றவாளிகள் இருவரையும் கொல்பவருக்கு ஆயிரம் டாலர் என்று அறிவிக்கிறார்கள். அந்தச் செய்தி கான்சாசில் பன்றி வளர்த்துக்கொண்டிருக்கும் வில்லியம் மன்னியை (ஈஸ்ட்வுட்) எட்டுகிறது. ஒரு காலத்தில் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றவன் அவன். கிளாடியா என்ற பெண்ணை மணந்து குடியை விட்டான். அவள் அம்மை கண்டு இறந்துவிட்டாள். பன்றிகளுக்கு நோய், இரண்டு சிறு குழந்தைகள், கையில் காசு இல்லை. பழைய நண்பன் நெட் லோகனையும் (மார்கன் ஃப்ரீமேன்) கிட்டப்பார்வை உள்ள வாய்வீச்சுக்கார இளைஞன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறான். தகர டப்பாவைக் கைத்துப்பாக்கியால் குறி வைத்துத் தவறி, கடைசியில் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துவந்து சுடுகிறான். குதிரையில் ஏற முடியாமல் விழுகிறான். ஈஸ்ட்வுட்டின் பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சிகள் ஒரே நேரத்தில் சிரிப்பும் சங்கடமும் தருபவை. பீப்பிள்ஸ் இதை எழுதியது 1970-களில். ஈஸ்ட்வுட் 1980-களில் உரிமையை வாங்கி, அந்த வேடத்துக்குரிய வயது தனக்கு வரும்வரை வைத்திருந்தார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 62.

வதந்தியும் வரலாறும்

படத்தின் மிக நுட்பமான சரடு, கதைகள் வளரும் விதம். டிலைலாவின் முகத்தில் நடந்த வெட்டு, கான்சாஸ் வந்து சேர்வதற்குள் கண், காது, விரல் என்று பெருகிவிடுகிறது. இளைஞன் மன்னியிடம் சொல்கிறான். மன்னி அதையே நெட்டிடம் சொல்கிறான். பெருகிய கதை இல்லாவிட்டால் இந்த நல்ல மனிதர்கள் கிளம்பியிருப்பார்களா என்பது ஐயமே.

இதே வேலையைத் தொழிலாகச் செய்பவர் போஷாம்ப் என்ற எழுத்தாளர். இங்கிலிஷ் பாப் என்னும் கூலிக்கொலைகாரனின் (ரிச்சர்ட் ஹாரிஸ்) வீரச்செயல்களைப் புத்தகமாக்கியவர். ஷெரிஃப் பாப்பை அடித்துச் சிறையில் தள்ளிவிட்டு, அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். 'மரணத்தின் டியூக்' என்ற பட்டம் அவர் வாயில் 'மரணத்தின் வாத்து' ஆகிறது. பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்கிறார்: பாப் குடித்திருந்தான், குறி தவறியது, எதிராளியின் துப்பாக்கி அவன் கையிலேயே வெடித்தது, நிராயுதபாணியாக நின்றவனைப் பாப் நெருங்கிப்போய்ச் சுட்டான். போஷாம்ப் அதிர்ச்சி அடைகிறார். ஆனால் மறுநாளே ஷெரிஃபின் பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்வதை எழுதத் தொடங்குகிறார். பொய் வெளிப்பட்ட பிறகும் நாயகனுக்கான தேவை போய்விடவில்லை. ஆள் மட்டும் மாறுகிறார். மலிவு நாவல்களின் மொத்த வரலாறும் இந்தச் சிறைக்காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. படத்தின் உச்சம் இறுதிச் சண்டை என்பார்கள். இந்தச் சிறைக்காட்சியே அதைவிட உயர்ந்தது.

கொலை என்னும் வேலை

முதல் கொலை ஒரு பள்ளத்தாக்கில் நடக்கிறது. இலக்கு, குற்றத்தில் பங்கு குறைவாக உள்ள அந்தத் தோழன். முன்பு டிலைலாவுக்கென்று தனியாக ஒரு நல்ல குதிரையைக் கொண்டுவந்து கொடுக்க முயன்று விரட்டப்பட்டவனும் அவனே. நெட் சுட்டதில் குதிரை விழுந்து அவன் கால் நசுங்குகிறது. அதற்குமேல் நெட்டால் விசையை அழுத்த முடியவில்லை. மன்னி துப்பாக்கியை வாங்கிப் பலமுறை சுடுகிறான். வயிற்றில் குண்டு பட்ட பையன் உடனே சாகவில்லை. தண்ணீர் கேட்டு அலறுகிறான். பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அவனுடைய கூட்டாளிகளைப் பார்த்து, சுட மாட்டோம், அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று மன்னியே கத்துகிறான். வெஸ்டர்ன் படங்களில் சுடப்பட்டவர்கள் வழக்கமாக நொடியில் விழுந்து மறைவார்கள். இங்கே சாவுக்கு நேரம் ஆகிறது. கொன்றவன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கொலை இன்னும் கேவலமானது. கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவனை இளைஞன் சுடுகிறான். அதன்பின் ஒரு மரத்தடியில், தான் இதற்குமுன் யாரையும் கொன்றதில்லை என்று ஒப்புக்கொண்டு அழுகிறான். ஒரு மனிதனிடம் இருக்கிற எல்லாவற்றையும், இனி இருக்கப்போவதையும் பறித்துவிடுவதே கொலை என்ற பொருளில் மன்னி பதில் சொல்கிறான். தொலைவில் ஒரு பெண் பணத்துடன் குதிரையில் மெல்ல வந்துகொண்டிருக்கிறாள். ஊர் திரும்பும் வழியில் பிடிபட்ட நெட்டை ஷெரிஃப் சாட்டையால் அடித்தே கொன்றுவிட்டார் என்ற செய்தியும் அவளோடு வருகிறது. கேட்டுக்கொண்டே மன்னி புட்டியை வாங்கிக் குடிக்கிறான். வசனம் எதுவும் அதை விளக்குவதில்லை. பல ஆண்டுகளாகத் தொடாத மதுவை அவன் தொட்டுவிட்டான் என்பதைப் பார்வையாளரே கவனிக்க வேண்டும்.

பிறகு மழை இரவு, மதுவிடுதி. வாசலில் நெட்டின் உடல் சவப்பெட்டியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மன்னி உள்ளே வந்து முதலில் சுடுவது ஆயுதமில்லாத ஸ்கின்னியை. இரண்டு மணி நேரமாகத் துப்பாக்கிச் சண்டையின் பொய்யை அவிழ்த்துக் காட்டிய படம், இப்போது மிகத் திறமையான துப்பாக்கிச் சண்டை ஒன்றைத் தருகிறது. அரங்கில் உள்ளவர்கள் மகிழ்கிறார்கள். இதைப் படத்தின் முரண்பாடு என்று சொல்லும் விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மகிழ்ச்சியைப் படம் நிம்மதியாக அனுபவிக்க விடுவதில்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கும் தனக்கு இப்படிச் சாகும் தகுதி இல்லை என்கிறார் கீழே கிடக்கும் ஷெரிஃப். தகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறான் மன்னி. போஷாம்ப் அப்போதும் யாரை முதலில் சுட்டீர்கள் என்று விசாரிக்கிறார். அதிர்ஷ்டம்தான் என்ற பதிலே அவருக்குக் கிடைக்கிறது. வெளியே வந்து, பெண்களுக்குத் தீங்கு செய்தால் திரும்பி வந்து எல்லாரையும் கொல்வேன் என்று கத்தும் மன்னியின் பின்னால், மழையில் நனைந்த அமெரிக்கக் கொடி தொங்குகிறது.

சொல்லாமல் விட்டவை

நெட் கறுப்பினத்தவர். சட்டத்தின் பிரதிநிதி ஒரு கறுப்பரைச் சாட்டையால் அடித்துக் கொல்வது, உள்நாட்டுப் போர் முடிந்து பதினைந்தாண்டுகள் ஆன காலத்தில், சாதாரணக் காட்சியாக இருக்க முடியாது. படத்தில் ஒருவரும் அவருடைய நிறத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பார்வையாளருக்கே புரியட்டும் என்று விட்டதாக ஈஸ்ட்வுட்டுக்காக வாதாடலாம்; நழுவல் என்றும் சொல்லலாம். நெட்டின் மனைவி சாலி அமெரிக்கப் பழங்குடிப் பெண். அவர் வாசலில் நின்று மன்னியைப் பார்க்கும் பார்வை மறக்க முடியாதது. ஆனால் அவருக்கு ஒரு வசனமும் இல்லை. டிலைலாவும் அப்படித்தான். காய்ச்சலில் கிடக்கும் மன்னிக்கு அவள் உணவு கொண்டுவரும் காட்சி படத்திலேயே மென்மையானது. ஆனாலும் அவள் பெயரால் நடந்த இத்தனை சாவுகளைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று படம் கேட்கவில்லை. கொலைக்கு விலை வைத்தவள் அவள் அல்லள், அலைஸ்.

இந்த இடைவெளிகளில் ஒன்றை நிரப்பியவர்கள் ஜப்பானியர். அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) கதையைத் தழுவித்தான் செர்ஜியோ லியோனே 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) எடுத்தார். ஈஸ்ட்வுட்டை நட்சத்திரமாக்கியது அந்தப் படம். 'அன்ஃபர்கிவன்' லியோனேக்கும் டான் சீகலுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கடன் திரும்பிப் போனது. 2013-இல் லீ சாங்-இல் இயக்கத்தில், கென் வடனபே நடிப்பில் இப்படம் ஜப்பானிய மொழியில் மீண்டும் எடுக்கப்பட்டது. களம் 1880-களின் ஹொக்கைடோ தீவு. கௌபாய்களின் இடத்தில் எஜமானை இழந்த சாமுராய்கள். நாயகனின் இறந்த மனைவி அத்தீவின் பூர்வகுடியான ஐனு இனத்தவர். உடன் வரும் இளைஞனும் பாதி ஐனு. நிலத்தை இழந்தவர்கள் அந்தப் படத்தில் வாய்திறந்து பேசுகிறார்கள்.