பக்கத்தில் நின்று பார்ப்பவர்

தலைமைப் பதவியில் இருப்பவர்களுக்கும் ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அதைப் பற்றிய புஸ்தகங்களில் நல்ல பெயர் எடுத்த ஒன்று, 2019-ல் வெளிவந்த 'ட்ரில்லியன் டாலர் கோச்'. கூகிள் ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட், சகாக்கள் இருவருடன் சேர்ந்து எழுதியது. 2016-ல் காலமான தங்கள் குருநாதர் பில் காம்ப்பெலுக்குச் சிஷ்யர்கள் எழுப்பிய கோயில் அது.

காம்ப்பெல் என்னவோ நாவலாசிரியன் ஆசைப்படக்கூடிய ஆசாமிதான். கொலம்பியா சர்வகலாசாலையின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவைப் பழக்கினார். 12 ஆட்டங்களில் வெற்றி, 41-ல் தோல்வி. அப்படித் தோற்றவர்தான் பின்னால் ஸ்டீவ் ஜாப்ஸ் போன்றவர்களுக்கு யோசனை சொல்லும் இடத்துக்கு வந்தார். வாய் நிறைய வசவு. கண்டவரையெல்லாம் கட்டித் தழுவுகிற பாசம். இத்தனை இருந்தும் புஸ்தகத்தில் மனிதர் உயிரோடு எழுந்து வரவில்லை. 80 பேருக்கு மேல் பேட்டி கண்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே ஸ்வரத்தில் பாடுகிறார்கள். போதாதற்கு, சம்பவம் முடிந்ததும் அதன் நீதியைக் கட்டம் கட்டி வேறு அச்சிட்டிருக்கிறார்கள்!

நின்று படிக்கத் தகுந்த இடமும் உண்டு. 2004-ல் கூகிள் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கவிருந்த சமயம், இயக்குநர் குழுத் தலைவர் பதவியை விட்டுக் கொடுக்கும்படி ஷ்மிட்டைக் கேட்டார்கள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வேலையையே உதறிவிடலாமா என்று யோசித்தவரிடம், உம்முடைய ரோஷம்தான் குறுக்கே நிற்கிறது என்று காம்ப்பெல் உணர்த்துகிறார். இங்கே சிஷ்யன் சிறியவனாகக் காட்சி தருகிறான்; குரு எதற்குப் பயன்பட்டார் என்பதும் புரிகிறது. இம்மாதிரி இன்னும் பத்து இடங்கள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அப்படி எழுத முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் 2011-ல் அதுல் கவாண்டே எழுதிய கட்டுரை அது. சில பக்கங்கள்தான். ஆசிரியர் பாஸ்டன் நகரத்து ரண சிகிச்சை டாக்டர். தொழிலில் 8 வருஷம் பழகியவர். தம் திறமை மேலே போகாமல் ஒரே மட்டத்தில் நிற்பதாக அவருக்குச் சந்தேகம் வருகிறது. ஓய்வு பெற்றுவிட்ட தம் பழைய ஆசான் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, சிகிச்சையின்போது கூடவே இருந்து பார்க்கச் சொல்கிறார்.

கழுத்தில் தைராய்டு சுரப்பியை அகற்றும் சிகிச்சை. எல்லாம் பிசகில்லாமல் முடிந்ததாகவே கவாண்டே நினைக்கிறார். ஆஸ்டீனின் குறிப்புத் தாளிலோ பல விஷயங்கள். வலது முழங்கை அவ்வப்போது தோள் மட்டத்துக்கு எழும்பியது. அப்படி எழும்பினால் கையில் நிதானம் இராது. விளக்கு வெளிச்சம் காயத்தை விட்டு விலகிப் போய்விட்டது. அரை மணி நேரம் பிரதிபலித்த வெளிச்சத்திலேயே வேலை நடந்திருக்கிறது. மூன்றாவது குறிப்புதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நோயாளியின்மேல் துணியை விரித்திருந்த விதம் கவாண்டேக்கு வெகு சௌகரியம். எதிரே நின்ற உதவி டாக்டருக்கோ இடது கையை வீசி வேலை செய்ய இடமில்லை. மாணவர் ஒருவரும் ஒரு கை கொடுக்க முடியாத மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தார்.

தலைமையின் லட்சணத்தைப் பற்றிக் காம்ப்பெலின் சிஷ்யர்கள் கட்டம் கட்டிச் சொல்லுகிறவை எல்லாம் இந்த ஒரு முழத் துணிக்கு உறை போடக் காணாது. எதிரே நின்றவர் அதைச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வார்? தலைவர் அல்லவா துணியை விரித்தது! அதைக் காண வெளியிலிருந்து ஒருவர் வந்து, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இதற்குக் கொடுத்த விலையையும் கவாண்டே மறைக்கவில்லை. சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி ஆஸ்டீனைப் பார்த்து, அவர் யார் என்று கேட்கிறாள். நான் எதைத் திருத்திக் கொள்ளலாம் என்று பார்க்க அழைத்த சகா என்கிறார் டாக்டர். அவள் திகைப்பதைக் கண்டு, பயிற்சியாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவளுக்குத் தைரியம் வந்ததாகத் தெரியவில்லை.